தண்டுவடம் பாதித்தவருக்குத் தூக்க மாத்திரை: பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

மதுரை செல்லூரில் நான் வாரம் இரண்டு நாள் போகும் வீடு ஒன்று உண்டு. சோழவந்தான் பக்கம் தோப்பில் காய் வெட்டப் போய், தென்னையிலிருந்து விழுந்து கழுத்தில் அடிபட்ட இளைஞர் அங்கே இருக்கிறார். நான் பிசியோ. கைகாலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஒருநாள் அவருடைய அம்மா மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "தம்பி, இதுல பாதி தூக்க மாத்திரையாம்ல? பக்கத்து வீட்டுல சொல்றாக. பழகிப்போனா விடாதாம். நேத்துல இருந்து நிப்பாட்டிட்டேன்."

அதே வாரம் திருமங்கலத்தில் வேறொரு வீடு. தாத்தாவுக்குக் கழுத்தெலும்பு தேய்ந்து தண்டுவடத்தை அழுத்துகிறது. அவருடைய மகன் சொன்னார்: "ராத்திரி பூரா அனத்துறாரு சார். ஒரு மாத்திரையச் சேத்துக் குடுத்தேன், அசந்து தூங்கிட்டாரு."

இரண்டு பேரும் செய்தது பாசத்தால்தான். ஆனால் இரண்டுமே உயிருக்கு ஆபத்தாக முடியக்கூடியவை. நம் ஊரில் "தூக்க மாத்திரை" என்ற ஒரே சொல்லில் குறைந்தது நான்கைந்து வகை மருந்துகளை அடக்கிவிடுகிறோம். அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்று இங்கே எழுத மாட்டேன். அது உங்கள் மருத்துவர் முடிவு செய்வது. ஏன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

## தண்டுவடம் வேறு, முதுகெலும்பு வேறு

முதுகெலும்பு என்பது 33 எலும்புகளை அடுக்கி வைத்த குழாய். அதற்குள்ளே, சுண்டுவிரல் பருமனில், பெரியவர்களுக்கு ஏறக்குறைய 45 செ.மீ. நீளத்தில் ஓடும் நரம்புக் கற்றைதான் தண்டுவடம். மூளையின் அடியில் தொடங்கி, இடுப்பெலும்புகள் ஆரம்பிக்கும் இடத்திலேயே முடிந்துவிடும். வழிநெடுக அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் பிரிந்து கைக்கும் காலுக்கும் வயிற்றுக்கும் போகின்றன.

பெரியாறு பிரதானக் கால்வாயை நினைத்துக்கொள்ளுங்கள். பேரணையில் கிளம்பும் தண்ணீர் கள்ளந்திரி வழியாக மேலூர் கடைமடைக்குப் போகிறது. கள்ளந்திரிக்குக் கீழே உடைப்பு என்றால் மேலூருக்கு மட்டும் தண்ணீர் இல்லை. பேரணையிலேயே உடைந்தால் எல்லோருக்கும் இல்லை. தண்டுவடமும் அப்படித்தான். இடுப்புப் பக்கம் அடி என்றால் கால்களும் மூத்திர, மலக் கட்டுப்பாடும் பாதிக்கும், கை தப்பிக்கும். கழுத்தில் அடி என்றால் கை, கால், மூச்சுத் தசை, ரத்த அழுத்தம் எல்லாமே பாதிக்கும். மருத்துவர்கள் இதை "மட்டம்" என்பார்கள். கழுத்து நரம்புகளுக்குச் சி, மார்பு நரம்புகளுக்குத் டி என்று எழுத்துப் போட்டு, எண் சேர்த்துச் சீட்டில் எழுதியிருப்பார்கள். சி5, டி10 என்பது போல. உங்கள் வீட்டு நோயாளியின் மட்டம் எது என்று மனப்பாடமாகத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இனி வருவதெல்லாம் அந்த எழுத்தையும் எண்ணையும் பொறுத்துத்தான்.

பாதிப்பு விபத்தால்தான் வரவேண்டும் என்றில்லை. முதுகெலும்பில் வரும் காசநோய், கட்டி, தண்டுவட அழற்சி, வயதானவர்களுக்குக் கழுத்தெலும்புத் தேய்மானம் எல்லாம் இதே நிலைக்குக் கொண்டுவரும்.

## உணர்ச்சியில்லாத கால் ஏன் உதைக்கிறது?

அடிபட்ட புதிதில் கால்கள் துணி போலத் தொளதொளவென்று கிடக்கும். சில நாட்களோ சில வாரங்களோ கழித்துத் திடீரென்று ஒருநாள் கால் வெட்டி இழுக்கும், விறைக்கும். "கால் அசையுது, சரியாகிருச்சு!" என்று வீடே சந்தோஷப்படும். அந்த நேரத்தில் அந்த முகங்களைப் பார்த்து உண்மையைச் சொல்வது என் வேலையிலேயே கடினமான பகுதி.

வாடிவாசலில் காளையின் மூக்கணாங்கயிற்றை அறுத்துவிட்டதும் என்ன ஆகிறது? காளையின் பலம் எங்கிருந்தோ புதிதாக வரவில்லை. பிடித்து வைத்திருந்த கயிறுதான் போய்விட்டது. நம் கால் தசைகளுக்கும் தண்டுவடத்துக்கும் நேரடியாக ஒரு சின்னச் சுற்று இருக்கிறது. தொட்டால் இழுக்கும், நீட்டினால் மடங்கும். அதற்கு மூளையைக் கேட்கத் தேவையில்லை. சாதாரணமாக மூளை மேலிருந்து "போதும், அடங்கு" என்று அந்தச் சுற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. தண்டுவடம் பாதித்தால் அந்தப் பிடி போய்விடுகிறது, சுற்று மட்டும் மிஞ்சுகிறது. போர்வை உரசினால்கூட கால் உதைப்பது அதனால்தான். இதற்குத் தசை விறைப்பு என்று பெயர். சீட்டில் ஸ்பாஸ்டிசிட்டி என்று எழுதியிருப்பார்கள்.

விறைப்பு முழுக்கக் கெட்டதும் இல்லை. சிலர் அந்த விறைப்பை வைத்துத்தான் பிடித்து நிற்கிறார்கள், சக்கர நாற்காலிக்கு மாறுகிறார்கள். மாத்திரை அதிகமாகி விறைப்பு மொத்தமாகப் போனால், நேற்று வரை நின்றவர் இன்று மடங்கி விழுவார்.

## டப்பாவில் இருப்பவை எல்லாம் தூக்க மாத்திரையா?

நரம்புகள் ஒன்றையொன்று அமைதிப்படுத்தப் பயன்படுத்தும் ஒரு ரசாயனம் நம் உடம்பிலேயே இருக்கிறது. அதன் பெயர் காபா. அறுந்த கயிறு செய்த வேலையைக் கொஞ்சமாவது காபாவை வைத்துச் செய்யலாமே என்பதுதான் விறைப்பைத் தளர்த்தும் மருந்துகளின் அடிப்படை. டயசெபாம், காபாவின் குரலைக் கூட்டிக் கொடுக்கிறது. பேக்லோஃபென், காபா போலவே வேடமிட்டு வேறொரு கதவைத் தட்டுகிறது. பேக்லோஃபென் 1962-இல் வலிப்பு நோய்க்காக உருவாக்கப்பட்டது. வலிப்புக்கு அது சரிப்படவில்லை, ஆனால் தசை விறைப்பைத் தளர்த்துகிறது என்று அப்புறம் தெரியவந்தது. டைசானிடின் என்ற இன்னொரு மருந்து வேறு வழியில் அதே வேலையைச் செய்கிறது.

சிக்கல் எங்கே என்றால், காபா தண்டுவடத்தில் மட்டும் இல்லை, மூளை முழுக்க இருக்கிறது. விழுங்கிய மாத்திரை ரத்தத்தில் கலந்து இரண்டு இடத்துக்கும் போகும். காளையை அடக்கக் கொடுத்தது, கயிறு பிடிக்கிறவனையும் சேர்த்துத் தூங்க வைக்கிறது. அதனால்தான் இந்த மாத்திரைகளைப் போட்டதும் கண்ணைச் சொருகுகிறது. இப்படி நரம்பு மண்டலத்தின் வேகத்தைக் குறைக்கும் மருந்துகளைப் பொதுவாகத் தணிப்பு மருந்துகள் என்கிறோம். தூக்கத்துக்காகவோ பதட்டத்துக்காகவோ கொடுப்பவை, அல்பிரசோலாம், சோல்பிடெம் போன்றவை, அதில் ஒரு சிறு பகுதிதான்.

அப்புறம் வலி. அடிபட்ட மட்டத்துக்குக் கீழே தொட்டால் தெரியாது, ஆனால் உள்ளே எரியும், கரண்ட் அடிக்கும். நரம்பு வலி என்பது அதுதான். அதற்குப் ப்ரீகாபலின், கபாபென்டின், குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் கொடுப்பார்கள். சிலருக்கு டிராமடால் போன்ற வீரியமான வலி மாத்திரையும் சேரும். இவையும் தூக்கம் தரும், ஆனால் இவை கொடுக்கப்படுவது தூங்குவதற்காக இல்லை.

இதுவரை பார்த்ததை ஒருமுறை சேர்த்துக்கொள்வோம். தண்டுவடம் பாதித்த இடத்துக்குக் கீழே மூளையின் பிடி போய்விடுகிறது, அதனால் விறைப்பு. அந்த விறைப்பையும் நரம்பு வலியையும் தணிக்கத்தான் பெரும்பாலான மாத்திரைகள். தூக்கம் அவற்றோடு ஒட்டிக்கொண்டு வருவது.

## துருத்தி ஏற்கெனவே பாதிதான்

இனி இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததற்கான காரணம்.

பாத்திரப் பட்டறையில் துருத்தி ஊதுவதைப் பார்த்திருப்பீர்கள். நெஞ்சும் அப்படித்தான். வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசைதான் முக்கியத் துருத்தி. அதற்கான நரம்பு கழுத்தில் சி3, சி4, சி5 மட்டங்களிலிருந்து வருகிறது. விலா எலும்புகளுக்கு நடுவே உள்ள தசைகள் மார்பு நரம்புகளை நம்பியிருக்கின்றன. இருமித் துப்ப உதவும் வயிற்றுத் தசைகளும் அப்படியே.

சி5-க்கு அருகில் அடிபட்டவருக்கு உதரவிதானம் ஓரளவு வேலை செய்யும்; விலாத் தசையும் வயிற்றுத் தசையும் செய்யாது. பார்த்தால் நன்றாக மூச்சு விடுவது போலத்தான் இருக்கும். ஆனால் கையிருப்பு இல்லை. நமக்குச் சளி பிடித்தால் இருமித் தள்ளுகிறோம், அவரால் முடியாது. இந்த நிலையில் தணிப்பு மருந்து மூன்று வழியில் கை வைக்கிறது. மூளையில் மூச்சுக்கு உத்தரவு கொடுக்கும் இடத்தை மந்தமாக்குகிறது. தொண்டைத் தசையைத் தளர்த்தி மூச்சுப் பாதையைக் குறுக்குகிறது. மிச்சமிருக்கும் இருமலையும் மழுங்கடிக்கிறது. நமக்கு ஒரு இரவு அசந்த தூக்கத்தைக் கொடுக்கும் அதே மாத்திரை, அவருக்கு நிமோனியாவில் கொண்டு விடலாம்.

"நல்லாக் குறட்டை விட்டுத் தூங்குறான்" என்று நிம்மதியாகச் சொல்வார்கள். கழுத்தில் தண்டுவடம் பாதித்தவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வரும் நோய் மற்றவர்களைவிட அதிகம். குறட்டை நடுவில் நின்று, ஒரு திணறலுடன் மறுபடி தொடங்கினால் அது நல்ல தூக்கம் இல்லை. இரவில் புரண்டு அனத்துவதும், காலையில் தலைவலியோடு எழுவதும், பகலெல்லாம் தூங்கி வழிவதும் கரியமில வாயு உடம்பில் தேங்குவதால் வரலாம். அவர் தூங்கவில்லை என்று இன்னொரு மாத்திரை கொடுத்தால், மூச்சு இன்னும் குறையும். அந்த வளையத்துக்குள் மாட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சேர்த்துக் கொடுப்பதும் ஆபத்து. டயசெபாம், அல்பிரசோலாம் வகை மாத்திரைகளை டிராமடால், மார்ஃபின் வகை வலி மருந்துகளோடு சேர்த்தால் மூச்சு அடங்கிப் போகலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016-இல் தன் உச்ச எச்சரிக்கையை மருந்தின் விவரக் குறிப்பில் போடச் சொன்னது. நுரையீரல் கையிருப்பு குறைந்தவர்களுக்குக் கபாபென்டின், ப்ரீகாபலினாலும் மூச்சுப் பிரச்சினை வரலாம் என்று 2019-இல் எச்சரித்தது. சாராயமும் இந்தப் பட்டியலில்தான். "ஒரு கட்டிங் போட்டா வலி தெரியாது" என்று பார்க்க வரும் நண்பர்கள் கொடுத்துவிட்டுப் போவது, மாத்திரையோடு மாத்திரை சேர்ப்பது போல.

ஒரு எளிய பழக்கம் சொல்கிறேன். அவர் தூங்கும்போது ஒரு நிமிடம் மூச்சை எண்ணிப் பாருங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருப்பது வழக்கம். 10-க்குக் கீழே போனால், உதடு நீலம் பாய்ந்தால், தட்டி எழுப்பியும் கண் திறக்காவிட்டால், காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். வண்டி பெரியாஸ்பத்திரிக்குப் போனாலும் வேறு எங்கே போனாலும், மாத்திரை டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.

## பதட்டம் போலத் தெரியும், பதட்டம் இல்லை

இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள். டி6 மட்டத்திலோ அதற்கு மேலோ பாதிப்பு உள்ளவர்களுக்கு, அதாவது நெஞ்சுக்குழி மட்டத்துக்கு மேலே பாதித்தவர்களுக்கு, வரும் அவசரநிலை இது.

கீழே உடம்பில் ஏதோ ஒரு தொந்தரவு. பெரும்பாலும் மூத்திரப் பை நிரம்பியிருக்கும், அல்லது மலம் இறுகியிருக்கும். அவருக்கு அது தெரியாது. ஆனால் தண்டுவடத்துக்குத் தெரியும். மேலிருந்து அடக்க ஆளில்லாததால், கீழே உள்ள ரத்தக் குழாய்கள் எல்லாம் சுருங்கி ரத்த அழுத்தம் விர்ரென்று ஏறுகிறது. பொறுக்க முடியாத தலைவலி, முகம் சிவந்து வியர்த்துக் கொட்டுதல், மூக்கடைப்பு, ஒருவித பயம். தன்னியக்க நரம்புகளின் கட்டுப்பாடு தவறும் இந்த நிலையை ஆட்டோனோமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா என்பார்கள். கவனிக்காவிட்டால் வலிப்பும் மூளையில் ரத்தக் கசிவும் வரை போகும்.

வீட்டில் பார்ப்பவர்களுக்கு இது எப்படித் தெரியும்? பதட்டமாக, பிடிவாதமாக, "என்னமோ பண்ணுது" என்று கத்துவதாகத் தெரியும். உடனே கை தூக்க மாத்திரைக்குப் போகும். அதைக் கொடுத்தால் கத்தல் அடங்கலாம். ஏறிய அழுத்தத்தின் காரணம் அப்படியே இருக்கும். சொல்ல வேண்டிய வாயை நாமே மூடிவிட்டோம்.

செய்ய வேண்டியது வேறு. முதலில் அவரை நிமிர்த்தி உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். இடுப்பில், காலில் இறுக்கமாக இருப்பதைத் தளர்த்துங்கள். பிறகு மூத்திர டியூபைப் பாருங்கள்: மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா, மூத்திரம் வடியும் பை நிரம்பிவிட்டதா? அது சரியாக இருந்தும் அடங்காவிட்டால் மருத்துவமனைதான். ரத்த அழுத்த அளவிலும் ஒரு ஏமாற்று உண்டு. இவர்களுக்கு வழக்கமான மேல் அளவே 90, 100 என்று குறைவாக இருக்கும். அவசரத்தில் 130 காட்டினால் "நார்மல்தானே" என்று விட்டுவிடுவார்கள். அவருக்கு அது பெரிய ஏற்றம். வழக்கமான அளவை எழுதி வைத்திருந்தால்தான் இது பிடிபடும்.

செல்லூர் அம்மா ஒருநாள் நடுராத்திரி போன் செய்தார். "தம்பி, வேர்த்துக் கொட்டுச்சு, தலையப் பிடிச்சுக்கிட்டு அழுதான். தூக்கி உக்கார வச்சேன். டியூபு தொடைக்கு அடியில மாட்டிக் கெடந்துச்சு, எடுத்துவிட்டேன். பை ரொம்பிருச்சு. இப்ப சரியாயிட்டான்." அந்தப் போனுக்குப் பிறகு எனக்குத் தூக்கம் வர நேரமாயிற்று.

## விறைப்பு கூடினால் ஏன் என்று கேளுங்கள்

காலில் ஆணி குத்தினாலும் வலி தெரியாத ஒருவருக்கு, விறைப்புதான் தகவல் சொல்லும் ஆள். மூத்திரத் தொற்று, படுக்கைப் புண், உள்ளே வளர்ந்த கால் நகம், மலச்சிக்கல் எல்லாமே விறைப்பைக் கூட்டும். திடீரென்று இரண்டு நாளாகக் கால் அதிகமாக வெட்டினால், மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்னால் உடம்பை ஒருமுறை தலை முதல் கால் வரை பாருங்கள்.

மயக்கத்தில் கிடப்பவர் தானாகப் புரள மாட்டார், புரட்டச் சொல்லிக் கேட்கவும் மாட்டார். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடச் சொல்வது படுக்கைப் புண்ணைத் தடுக்க. "நல்லாத் தூங்குறான், எழுப்ப வேணாம்" என்று விட்ட இரவுகளில்தான் பல புண்கள் ஆரம்பிக்கின்றன.

மருந்துக்கு மருந்து ஆகாமல் போவதும் உண்டு. டைசானிடின் சாப்பிடுகிறவருக்கு மூத்திரத் தொற்றுக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்தால், டைசானிடின் ரத்தத்தில் பல மடங்கு ஏறி, அழுத்தம் தாழ்ந்து மயக்கம் வரும். இவை இரண்டையும் சேர்க்கவே கூடாது. இந்த நோயாளிகளுக்கு மூத்திரத் தொற்று அடிக்கடி வரும் என்பதால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன். பேக்லோஃபென் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறும். சிறுநீரகம் கெட்டால் வழக்கமான அளவே அளவு மீறியதாகிவிடும். கடையில் வாங்கும் சளி மாத்திரைகளில் சில தூக்கத்தையும் தந்து, மூத்திரத்தையும் அடைக்கும். ஆக, வேறு எந்த மருத்துவரிடம் எதற்காகப் போனாலும் முழுப் பட்டியலையும் காட்டுங்கள்.

## திடீரென நிறுத்தினால் என்ன ஆகும்?

செல்லூர் அம்மா நிறுத்தியது பேக்லோஃபெனும் டயசெபாமும். மாதக்கணக்கில் ஒரு மருந்து அமைதிப்படுத்திக்கொண்டே இருந்தால், உடம்பு தன் சொந்த அடக்கும் வேலையைக் குறைத்துக்கொள்ளும். வண்டிக்கு முட்டுக் கொடுத்த கல்லைச் சட்டென்று உருவினால் வண்டி ஓடத்தானே செய்யும்? பேக்லோஃபெனைத் திடீரென நிறுத்தினால் விறைப்பு முன்பைவிடப் பலமாகத் திரும்பும். காய்ச்சல், குழப்பம், இல்லாதது தெரிவது, வலிப்பு வரை போகலாம். டயசெபாம் வகையை நிறுத்தினாலும் நடுக்கமும் வலிப்பும் வரலாம். டயசெபாம் உடம்பில் மெதுவாகக் கரையும், பாதி குறையவே ஒன்றிரண்டு நாள் ஆகும். அதனால் விளைவு உடனே தெரியாமல் சில நாள் கழித்து வரும். "நிறுத்தி மூணு நாளாச்சு, ஒண்ணும் ஆகலையே" என்ற நம்பிக்கை அங்கேதான் தவறுகிறது. அம்மா டப்பாவைக் காட்டிய அன்றைக்கே மகனுடைய மருத்துவரிடம் பேசி மறுபடி ஆரம்பித்தோம்.

பழகிப்போகும் என்ற அந்த அம்மாவின் பயமும் பொய் இல்லை. டயசெபாம், அல்பிரசோலாம் போன்றவற்றுக்கு உடம்பு பழகும். அதனால்தான் இவை இந்தியாவில், சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளுக்கான எச்1 அட்டவணையில் இருக்கின்றன. 2014 முதல் மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்து, எழுதிய மருத்துவர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். தெரிந்த கடை என்று சீட்டில்லாமல் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். வேண்டாம் என்று தோன்றினால் மருத்துவரிடம் சொல்லி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதுதான் வழி.

## "உணர்ச்சியே இல்லையே, மயக்க மருந்து எதுக்கு?"

படுக்கைப் புண்ணுக்கோ மூத்திரப் பைக் கல்லுக்கோ அறுவை சிகிச்சை என்றால் உறவினர்கள் கேட்கும் கேள்வி இது. வலி அவருக்குத் தெரியாது, சரி. ஆனால் தண்டுவடத்துக்குத் தெரியும் என்று மேலே பார்த்தோம். மயக்க மருந்தில்லாமல் கத்தி வைத்தால் அழுத்தம் அதேபோல் ஏறலாம், கால் உதைக்கலாம். அதனால் மயக்க மருத்துவர் வேண்டும். அவரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: பாதிப்பின் மட்டம், அடிபட்ட தேதி, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரையும். தேதி எதற்கு என்றால், அறுவை சிகிச்சையில் சாதாரணமாகப் பயன்படும் ஒரு தசைத் தளர்த்தி ஊசி, தண்டுவடம் பாதித்து நாளானவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றி இதயத்தை நிறுத்தக்கூடியது. தேதி தெரிந்தால் அவர் அதைத் தவிர்ப்பார்.

செல்லூர் வீட்டில் இப்போது மாத்திரை டப்பா மூடியின் உள்பக்கம் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறது. மேலே அடிபட்ட தேதி, மட்டம், வழக்கமான ரத்த அழுத்தம். கீழே ஒவ்வொரு மாத்திரைக்கும் நேராக அம்மாவின் கையெழுத்தில்: "வெட்டி இழுக்கிறதுக்கு", "எரிச்சலுக்கு", "தூங்குறதுக்கு, தேவைப்பட்டா மட்டும், டாக்டர்ட்ட கேட்டு". டப்பாவில் ஏழு மாத்திரை. "தூங்குறதுக்கு" என்று எழுதியிருப்பது ஒன்றே ஒன்றுதான்.